தேடல் அறிக்கை யாருக்குச் சொந்தம்?

பணி ஓய்வுக்குப் பின் ஊர் திரும்பாமல் சாந்த்ராகாச்சியிலேயே தங்கிவிட முடிவு செய்யும் தமிழ்க் குடும்பங்களை எங்கள் கிளையில் அவ்வப்போது காண்கிறோம். தென்கிழக்கு ரயில்வேயில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர்கள். பிள்ளைகள் இங்கேயே படித்து இங்கேயே வேலையில் அமர்ந்துவிட்டவர்கள். சென்னைக்கு ரயில் ஏற உள்ளூரிலேயே நிலையம் இருக்கிறது. வித்யாசாகர் பாலத்தைக் கடந்தால் கொல்கத்தா. குளிர்காலத்தில் ஏரிக்கு வரும் பறவைகளைப் பார்த்துக்கொண்டு மீதிக் காலத்தைக் கழித்துவிடலாம் என்று ஒரு பெரியவர் எங்களிடம் சொன்னதுண்டு. இந்தக் கட்டுரைக்கு அவருடைய கோப்பே காரணம்.

மகன் சிறுதொழில் தொடங்குவதற்காக, தம் அடுக்குமாடிக் குடியிருப்பின் பேரில் கடன் கேட்டு அவர் வந்திருந்தார். பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரம், மாநகராட்சி வரி ரசீதுகள், புரமோட்டர் கொடுத்த ‘வில்லங்கம் எதுவும் இல்லை’ என்னும் ஒரு பக்கத் தேடல் குறிப்பு ஆகிய அனைத்தையும் வரிசைப்படுத்தி உறையிலிட்டுக் கொண்டுவந்திருந்தார். வழக்கம்போல் எங்கள் குழு வழக்கறிஞருக்கு அனுப்பினோம். ஒரு வாரத்தில் வந்த அறிக்கை, அடிமனையில் ஆறில் ஒரு பங்குக்கு உரிமைக் குறை இருப்பதாகக் கூறியது.

நடந்தது இதுதான். அந்த நான்கு கட்டா நிலத்தின் உரிமையாளர் உயில் எழுதாமல் இறந்தபோது மனைவி, மூன்று மகன்கள், இரண்டு மகள்கள் என ஆறு பேர் வாரிசுகள். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஆறு பேருக்கும் சம பங்கு. மூத்த மகள் தம் பங்கை 1998-இல் தம் மகனுக்குத் தானப் பத்திரம் மூலம் கொடுத்துவிட்டார். பல ஆண்டுகள் கழித்துப் புரமோட்டர் வந்து கட்டட ஒப்பந்தம் போட்டபோது, ஆறு வாரிசுகளும் கையொப்பமிட்டனர். அந்த மூத்த மகளும் இட்டார். கொடுப்பதற்குத் தம்மிடம் எதுவும் இல்லை என்பதை மறந்து இட்டாரா, அறிந்தே இட்டாரா என்பது அவர் மட்டுமே அறிந்தது. தானப் பத்திரம் பதிவானது ஹவுராவில் அன்று, கொல்கத்தாவில். புரமோட்டர் கொடுத்த தேடல் குறிப்போ உள்ளூர் அலுவலகத்தில் 13 ஆண்டுகளுக்கு மட்டும் எடுக்கப்பட்டது.

“பதிவு ஆகிவிட்டதே, சார்? அரசாங்க முத்திரை இருக்கிறதே?” என்று பெரியவர் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பின்னர் வருவோம். அதைவிட எங்களை உறுத்திய செய்தி வேறொன்று. இந்த வீட்டை வாங்குமுன் அவர் வேறொரு நிதி நிறுவனத்தில் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்திருக்கிறார். சட்ட ஆய்வுக் கட்டணமும் செலுத்தியிருக்கிறார். ‘விண்ணப்பம் ஏற்கப்படவில்லை’ என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. தம் வயதை எண்ணி மறுத்துவிட்டார்கள் என்று கருதி, வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் சேர்த்து முழுத்தொகையையும் கையிலிருந்து கொடுத்து வாங்கிவிட்டார். எங்கள் அறிக்கையைக் கண்ட பின் அந்த நிறுவனத்துக்கு எழுதிப் பழைய அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெற்றார். அதே 1998-ஆம் ஆண்டுத் தானப் பத்திரம், அதே ஆறில் ஒரு பங்கு. அவர் பணம் கொடுப்பதற்கு 2 மாதங்களுக்கு முந்தைய தேதியிட்ட அறிக்கை அது.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு வில்லங்கச் சான்று என்ற ஒரே தாளின் மீது ஆழ்ந்த நம்பிக்கை உண்டு. சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தால் படிவம் 15-இல் பதிவுகளின் பட்டியல் வரும். எதுவும் இல்லையென்றால் படிவம் 16-இல் ‘இல்லை’ என்று வரும். இன்று வீட்டிலிருந்தே இணையத்தில் பார்த்துவிடலாம். வங்காளத்திலும் பதிவுத் துறையின் இணையதளத்தில் பெயரைக் கொண்டும் சொத்து விவரத்தைக் கொண்டும் தேட முடியும். சட்டமும் ஒன்றே: 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். அசையாச் சொத்து ஆவணங்களுக்கு முதலாம் புத்தகம், பெயர்வாரியாக ஓர் அட்டவணை, சொத்துவாரியாக இன்னோர் அட்டவணை என்ற ஏற்பாடும் ஒன்றே. ஆனால் தேடும் இடங்கள் ஒன்றல்ல. ஹவுரா மாவட்டச் சொத்துக்கு அனுபவமுள்ள வழக்கறிஞர் மூன்று இடங்களில் தேடுவார்: உள்ளூர்க் கூடுதல் மாவட்டச் சார்பதிவாளர் அலுவலகம், மாவட்டச் சார்பதிவாளர் அலுவலகம், கொல்கத்தாவிலுள்ள ஆவணப் பதிவாளர் அலுவலகம்.

இதற்குக் காரணம் பழையது. பதிவுச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு, தமக்குக் கீழுள்ள சார்பதிவாளர் பதியக்கூடிய எந்த ஆவணத்தையும் பதிவாளரே ஏற்றுப் பதிய இடமளிக்கிறது. அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, மாகாணத் தலைநகரங்களை உள்ளடக்கிய மாவட்டங்களின் பதிவாளர்களும் தில்லிப் பதிவாளரும் நாட்டின் எப்பகுதியிலுள்ள நிலத்துக்குரிய ஆவணத்தையும் பதியலாம் என்றிருந்தது. 2001-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அது நீக்கப்பட்டது. ஓரிடத்தில் பதிந்ததை நிலம் அமைந்துள்ள எல்லைக்குரிய அலுவலகத்துக்குக் குறிப்பாக அனுப்பவேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அந்தக் குறிப்பு உரிய காலத்தில் போய்ச் சேர்ந்து, உரிய அட்டவணையில் ஏறியிருக்கும் என்று நம்பித் தேடலைச் சுருக்கிக்கொள்ளும் துணிவு எங்களுக்கு இல்லை. 30 ஆண்டுகளுக்குத் தேடும்போது நாம் 2001-க்கு முந்தைய உலகத்துக்குள் நுழைந்துவிடுகிறோம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அந்த ஆண்டுகளுக்குக் கணினித் திரையை மட்டும் நம்ப முடியாது. முகூரி என்று இங்கே அழைக்கப்படும் வழக்கறிஞர் குமாஸ்தா கட்டணம் கட்டி, தொகுதி தொகுதியாகப் புரட்டியே ஆகவேண்டும்.

30 ஆண்டுகள் எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. அடமானம் வைத்த சொத்தை மீட்க வழக்குத் தொடுக்க 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் அத்தனை ஆண்டுகள் தருகிறது. 13 ஆண்டுத் தேடல், சொத்தின் அனுபோகத்தைக் கோரும் வழக்குக்குரிய 12 ஆண்டு வரையறையை மனத்திற்கொண்டு ஏற்பட்ட பழக்கம். கட்டணம் குறைவு, வேலையும் குறைவு என்பதைத் தவிர அதற்கு வேறு நியாயம் எங்களுக்குத் தெரியவில்லை.

பெயர் அட்டவணையில் தேடுவது தனிக்கலை. முகர்ஜியும் முகோபாத்யாயும் ஒருவரே; சட்டர்ஜி இன்னோர் ஆவணத்தில் சட்டோபாத்யாய் ஆகியிருப்பார். நம் பெயர்கள் படும் பாடு இன்னும் பெரிது. தலைப்பெழுத்தோடு எழுதும் நம் வழக்கம் இங்கே குடும்பப் பெயர் கேட்கும் படிவத்தில் அகப்பட்டு, தந்தை பெயர் குடும்பப் பெயராகிவிடுகிறது. ஒரு பத்திரத்தில் முன்னால், அடுத்ததில் பின்னால். தமிழரொருவர் தம் வீட்டை விற்கும்போது, வாங்கியவரும் விற்பவரும் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம் எழுதிக்கொடுக்க நேர்வது எங்கள் கிளையில் வாடிக்கை. வாங்கும்போதே ஆதாரிலும் நிரந்தரக் கணக்கு எண் அட்டையிலும் உள்ளபடி எழுதச் சொன்னால் இந்தத் தொல்லை இல்லை. அளவுகளையும் ஒருமுறை கூட்டிப் பார்ப்பது நல்லது: ஒரு கட்டா 720 சதுர அடி, 16 சட்டாக் சேர்ந்தது ஒரு கட்டா, இங்கே சதக் எனப்படுவது நம் ஊர் சென்ட், அதாவது 435.6 சதுர அடி. நான்கு கட்டாவில் ஆறில் ஒரு பங்கு என்பது 480 சதுர அடி.

இனிப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். பதிவு என்பது உரிமைக்குச் சான்று அன்று. ஆவணம் ஒன்று இன்ன நாளில் இன்னாரால் எழுதிக்கொடுக்கப்பட்டது என்பதற்கே சான்று. விற்பவருக்கு அந்த நிலம் சொந்தமா என்று விசாரிக்கும் அதிகாரம் சார்பதிவாளருக்கு இல்லை. தமிழ்நாட்டில் அந்தக் கடமையை ஓரளவு சார்பதிவாளர் மீது சுமத்த, பதிவு விதிகளில் 55-ஏ என்ற விதி சேர்க்கப்பட்டது. முந்தைய மூல ஆவணத்தையும் வில்லங்கச் சான்றையும் காட்டினாலன்றிப் பதியமாட்டோம் என்ற அதன் முதல் உட்பிரிவை, பதிவுச் சட்டத்துக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் செல்லாததாக்கியது. உரிமையை ஆராய்வது பதிவு அதிகாரியின் வேலையே அன்று என்று அத்தீர்ப்பு தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆக, அரசு முத்திரை இருந்தும் வீடு முழுமையாகச் சொந்தமாகாமல் போவது முரண்பாடன்று. நம் முறையின் இயல்பே அதுதான்.

இது நமக்கு மட்டும் உரிய குறையுமன்று. அமெரிக்காவிலும் மாவட்டப் பதிவகங்கள் ஆவணத்தைத்தான் பதிகின்றன. உரிமைக்கு அங்கே காப்பீடு வாங்குகிறார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவில் 1858-இலேயே டாரென்ஸ் முறை வந்து, அரசே உரிமைக்குப் பொறுப்பேற்றது. நம் நாட்டில் நிதி ஆயோக் 2020-இல் ஒரு மாதிரிச் சட்டத்தை மாநிலங்களின் முன் வைத்தது. அது நடைமுறைக்கு வரும்வரை தேடிப் பார்ப்பது ஒன்றே நமக்குள்ள காப்பு. அந்தக் காப்பிலும் ஓட்டைகள் உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

முதலாவது, கால இடைவெளி. எழுதிய நாளிலிருந்து 4 மாதத்துக்குள் ஓர் ஆவணத்தைப் பதிவுக்குக் கொடுக்கலாம். தாமதத்துக்குத் தண்டம் கட்டினால் மேலும் 4 மாதம் கிடைக்கும். பதிவானபின் அது பதிவு நாளிலிருந்து அன்றி, எழுதப்பட்ட நாளிலிருந்தே செல்லுபடியாகும் என்கிறது 47-ஆம் பிரிவு. ஆகவே இன்று காலை எடுத்த தேடலில் தென்படாத பத்திரம் ஒன்று, மூன்று மாதத்துக்கு முந்தைய தேதியோடு அடுத்த வாரம் பதிவாகக்கூடும். அசல் தாய்ப்பத்திரத்தைக் கையில் வாங்கிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான். நகல் போதும் என்று புரமோட்டர் சொன்னால், அசல் யாரிடம் இருக்கிறது என்று கேட்கவேண்டும்.

அசல் பெரும்பாலும் ஒரு வங்கியில் இருக்கும். பத்திரங்களை ஒப்படைத்துப் பெறும் அடமானத்துக்குப் பதிவு கட்டாயமில்லை. சட்டத்தில் பெயரிடப்பட்ட நகரங்களுள் கொல்கத்தாவும் சென்னையும் உண்டு. தமிழ்நாட்டில் அந்த ஒப்படைப்புக் குறிப்பாணையைப் பதியும் வழக்கம் பரவலாக இருப்பதால் வில்லங்கச் சான்றில் கடன் தெரிந்துவிடுகிறது. அதே பழக்கத்தில் இங்கே பதிவகத்தை மட்டும் பார்த்தால் தெரியாமல் போகலாம். இதற்கென்று 2011 மார்ச் 31 முதல் செர்சாய் என்னும் மத்தியப் பிணையப் பதிவகம் இயங்குகிறது; சிறு கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடலாம். வங்கியாளர்களைத் தவிர வேறெவரும் அதைப் பயன்படுத்தி நாங்கள் கண்டதில்லை.

ஏரியும் குளமும் நிறைந்த இப்பகுதியில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பத்திரத்தில் ‘வாஸ்து’, அதாவது குடியிருப்பு மனை என்று எழுதப்பட்ட நிலம், நில ஆவணத்தில் ‘புகுர்’ என்றிருக்கலாம். புகுர் என்றால் குளம். 5 கட்டாவும் அதற்கு மேலும் உள்ள நீர்நிலையைத் தூர்ப்பதை மேற்கு வங்க உள்நாட்டு மீன்வளச் சட்டம் தடை செய்கிறது. பதிவகம் இதைக் காட்டாது. எல்.ஆர். கதியானையும் தாக் எண்ணையும் கொண்டு ‘பங்களார் பூமி’ இணையதளத்தில் பார்த்தால் நிலத்தின் வகை தெரியும். கதியான் என்பது ஏறத்தாழ நம் பட்டா. தாக் என்பது சர்வே எண். கொல்கத்தாவிலும் ஹவுராவிலும் டிக்கா குத்தகை நிலம் என்று ஒருவகை உண்டு. அது அரசுக்கு உரியது. மேலே எத்தனை பத்திரம் பதிவாகியிருந்தாலும் சாதாரண நிலம்போல் விற்க முடியாது. அதையும் தனியே விசாரிக்க வேண்டும்.

இத்தனையையும் ஓய்வு பெற்ற ஒருவர் தனியே அலைந்து செய்ய முடியுமா? முடியாது என்றுதான் சொல்வோம். அதனால்தான் வழக்கறிஞர் தேவைப்படுகிறார். கடன் வாங்குபவர்கள் விஷயத்தில் அந்த வழக்கறிஞரை வங்கி அமர்த்துகிறது. கட்டணத்தை வாடிக்கையாளர் கொடுக்கிறார். அறிக்கை வங்கிக் கோப்புக்குள் போகிறது. ‘வங்கியே பார்த்துவிட்டது, இனிக் கவலையில்லை’ என்று வாடிக்கையாளர் நிம்மதி அடைகிறார். வங்கி பார்த்தது தன் கடனுக்குப் போதிய பிணையம் உண்டா என்பதை. 40 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 15 லட்சம் கடன் கொடுப்பவர் பொறுத்துக்கொள்ளக்கூடிய குறையும், மீதி 25 லட்சத்தைத் தம் சேமிப்பிலிருந்து போடுபவர் பொறுத்துக்கொள்ளக்கூடிய குறையும் ஒன்றல்ல.

எனவே எங்கள் கருத்தை நேரடியாகச் சொல்லிவிடுகிறோம். இது வங்கியின் அறிவிப்பன்று; கோப்புகளோடு நெடுநாள் பழகியவர்களின் கருத்து. சட்ட ஆய்வுக் கட்டணம் கொடுத்த ஒவ்வொருவருக்கும், அவர் கேட்காமலே, தேடல் அறிக்கையின் நகல் கொடுக்கப்பட வேண்டும். கடன் வழங்கப்பட்டாலும் கொடுக்க வேண்டும்; மறுக்கப்பட்டால் கட்டாயம் கொடுக்க வேண்டும்.

எங்கள் சக அலுவலர்களே இதை மறுத்துப் பேசுவார்கள். அறிக்கை வங்கிக்காக எழுதப்பட்டது, அது இரகசியம் என்பார்கள். அதிலுள்ள செய்தி எங்கிருந்து வந்தது? முதலாம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் செலுத்தும் எவரும் பார்வையிடலாம் என்று 57-ஆம் பிரிவு சொல்கிறது. எவரும் பார்க்கக்கூடிய புத்தகத்திலிருந்து எடுத்த குறிப்பை, எடுக்கப் பணம் கொடுத்தவரிடம் மறைப்பது விந்தை. நாளை அறிக்கையில் பிழை இருந்தால் வாடிக்கையாளர் வங்கி மீது வழக்குப் போடுவாரே என்ற அச்சம் இன்னும் கனமானது. அதைத் தள்ளிவிட நாங்கள் விரும்பவில்லை. ‘இது கடன் முடிவுக்காக எடுக்கப்பட்டது, உரிமைக்கு உத்தரவாதமன்று’ என்ற வரியை முதல் பக்கத்திலேயே அச்சிட்டுக் கொடுக்கலாம். வழக்கறிஞரின் கருத்துப் பகுதியைக் கொடுக்கத் தயங்கினால், எந்தெந்த அலுவலகங்களில் எந்தெந்த ஆண்டுகளுக்குத் தேடப்பட்டது, என்னென்ன பதிவுகள் கிடைத்தன என்ற பட்டியலையாவது கொடுக்கலாம். அந்தப் பட்டியல் ஒன்றே எங்கள் பெரியவரைக் காத்திருக்கும்.

வங்கிகள் இத்தகைய கட்டுப்பாட்டுக்குப் புதியவை அல்ல. கடன் முழுதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தரவேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தரவேண்டும் என்று 2023 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அவ்வாண்டு டிசம்பர் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அப்போதும் முணுமுணுப்பு இருந்தது. இப்போது கிளைகளில் பத்திர அலமாரிகள் முன்னெப்போதையும்விட ஒழுங்காக இருக்கின்றன.

அரசிடம் கேட்கவேண்டியதும் ஒன்றுண்டு: மூன்று அலுவலகங்களின் அட்டவணைகளையும், பழைய தொகுதிகள் உட்பட, ஒரே தேடலில் காட்டும் வசதி. அதோடு செர்சாய் பதிவையும் நில ஆவணத்தையும் இணைத்தால் இன்னும் நன்று. அது எப்போது வரும் என்பது எங்கள் கையில் இல்லை. நகல் எடுத்துக் கொடுப்பது கையில் இருக்கிறது.

பத்திரம் பதிந்த கையோடு இரண்டு இடங்களில் பெயர் மாற்றம் செய்யவேண்டும் என்பதையும் இங்கே குறித்துவிடுகிறோம். வட்டார நில மற்றும் நிலச் சீர்திருத்த அலுவலகத்தில் ஒன்று, மாநகராட்சியில் ஒன்று. ஒன்றைச் செய்தவர்கள் இரண்டும் முடிந்ததாக எண்ணிவிடுகிறார்கள். வரி ரசீது தம் பெயரில் வருவதைப் பார்த்து நிம்மதியாக இருந்த பெரியவரும் நில ஆவணத்தில் பெயரை மாற்றவில்லை. மாற்றப் போயிருந்தால் அந்தப் பேரனின் பங்கு அப்போதே வெளிப்பட்டிருக்க வாய்ப்புண்டு.

அந்தப் பேரன் இப்போது சிலிகுரியில் வேலை பார்க்கிறார். தம் பெயரில் இப்படி ஒரு பங்கு இருப்பதை அறிந்திருந்தார். அதன்மேல் கட்டடம் எழுந்துவிட்டதைத்தான் அறியவில்லை. நல்ல மனிதராகத் தெரிகிறார். அந்தக் கட்டடத்தில் குடியிருக்கும் எல்லாக் குடும்பங்களும் சேர்ந்து ஒரு தொகை தந்தால் தம் பங்கை எழுதிக்கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். தொகையில் புரமோட்டர் பாதியை ஏற்கவேண்டும் என்று குடும்பங்கள் கேட்கின்றன, பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. பத்திரத்தை உள்ளூர் அலுவலகத்திலேயே பதிய வேண்டும் என்பதில் மட்டும் பெரியவர் உறுதியாக இருக்கிறார். அதுவரை அவருடைய கடன் விண்ணப்பம் எங்களிடம் நிலுவையில் இருக்கிறது. அறிக்கையின் நகலை அன்றே அவரிடம் கொடுத்துவிட்டோம்.